ஊதாப்பூவாரின் தெப்பத் திருவிழா

எல்லைக் கல் நட்டுக்கொண்டு போனவர்கள் மறந்துவிட்ட இடத்தில் ஓர் ஏரி இருந்தது, கண்ணுகளா. நடுவேரி என்று பெயர். அதற்கு மேலே ஓர் ஏரி, கீழே ஓர் ஏரி. மேலே நிரம்பினால் இங்கே வழியும். இங்கே நிரம்பினால் கலிங்கல் என்கிற கல் வழிகாலைத் தாண்டிக் கீழே வழியும்.

நடுவேரியில் அங்காயி என்றொரு கெண்டை மீன் இருந்தாள். வயிறு நிறைய முட்டை. அதை ஒட்டிவைக்க அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு கொத்து வேலம்பாசி. தண்ணீருக்கு மேலே தலைகாட்டாமல், அடிமண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வளரும் செடி அது.

அந்த வருஷம் பெருமழையில் ஏரி கலங்கிப்போனது. சீரமைக்க ஒரு தலைவர் வேண்டும் என்று தேர்தல் வைத்தார்கள். வெள்ளத்தோடு வந்து இறங்கியிருந்த ஆகாயத்தாமரை, தலையில் ஊதாப் பூவோடு எழுந்து, "உங்கள் அழுக்கையெல்லாம் நானே குடிக்கிறேன்" என்றது. பொய் சொல்லக் கூடாது, குடிக்கவும் செய்தது. குடித்த அழுக்கில் கொழுத்தது. கொழுத்தது குட்டி போட்டது. வேலம்பாசியும் போட்டியிட்டது. அது தண்ணீருக்கு அடியிலேயே இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

ஜெயித்த ஆகாயத்தாமரைக்கு ஊதாப்பூவார் என்று பட்டம். மந்திரி, ஒரு தவளையார்.

முதல் ஆணையை மந்திரி வாசித்தார்: "தண்ணீருக்கு மேலே தெரியும் செடியே செடி. அடியில் இருப்பது ஆக்கிரமிப்பு. ஏரிச் சீரமைப்பின் முதற்கட்டமாக வேலம்பாசி அகற்றப்படும்."

அகற்றினார்கள். பிடித்துவைக்க வேர் இல்லாமல் அடிச்சேறு கிளம்பி, தண்ணீர் பானகமாயிற்று. உடனே இரண்டாம் ஆணை: "கலங்கல் என்ற சொல் ஒழிக்கப்பட்டது. நமது நீர் அடர்த்தி பெற்றிருக்கிறது."

அதற்குள் ஊதாப்பூவாரின் வம்சம் கரைக்குக் கரை மூடிவிட்டது. கீழே பட்டப்பகலில் இருட்டு. மூன்றாம் ஆணை அதை "வெயிலிலிருந்து விடுதலை" என்றது.

வெளிச்சம் போனதும் தண்ணீரில் மூச்சும் போயிற்று. விடியும் நேரத்தில் மீன்களெல்லாம் இலை இடுக்குகளுக்கு வந்து வாயைப் பிளந்தன. மந்திரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாருங்கள் தலைவரே! பொழுது விடிந்ததும் தங்களை வாழ்த்த வாய் திறக்கிறார்கள்."

"சத்தம் வரவில்லையே?"

"பக்தி முற்றினால் சத்தம் வராது, தலைவரே."

அடியில் அங்காயி, பக்கத்து வீட்டு நத்தை வெள்ளத்தாயியிடம் போய் நின்றாள்.

"மதினி, வயிறு கனக்குது. ஒட்டவைக்க ஒரு இலையில்ல. ஊதாப்பூவாரு தாடிதான் வேரு வேரா தொங்குதே, அதுலயே வெச்சிரட்டா?"

"வெச்சு? மூச்சில்லாத தண்ணியில அத்தனையும் அழுகிப்போகும்டி. கலிங்கல் கல்லிடுக்குல ஒரு கொத்து வேலம்பாசி தப்பிக் கெடக்கு. அதுவும் வெளிச்சம் படாம வெளுத்துப்போச்சு. ரொம்ப நாள் தாங்காது."

"என் வயிறும் தாங்காது மதினி."

அப்போதுதான் நான்காம் ஆணை வந்தது. பதவியேற்ற ஆண்டு நிறைவுக்குத் தெப்பத் திருவிழா. குடிமக்கள் அனைவரும் கீழிருந்து முதுகு கொடுத்துத் தலைவரை ஏரி சுற்றி உலா கொண்டுவர வேண்டும். வராதவர் ஆக்கிரமிப்பாளர்.

விழா அன்று மழைநீர் தளும்பிக் கலிங்கலில் வழிந்துகொண்டிருந்தது. ஏரியையே மூடியவராயிற்றே, மலையாகக் கனப்பார் என்று பயந்துகொண்டே அங்காயி முதுகைக் கொடுத்தாள். ஒரு தள்ளுதான். வழுக்கிக்கொண்டு போனார்.

"மதினி! இவரு மண்ணையே தொடல!"

"என்னடி உளர்ற?"

"வேரு சும்மா தொங்குது மதினி. ஆளு மெதக்குறாரு!"

வெள்ளத்தாயி தாடியைப் பிடித்து ஏறிப் பார்த்துவிட்டு, "அட கூறுகெட்டவங்களா, இதுக்கா இத்தன நாளா பயந்தோம்!" என்று சிரித்தாள். கெளுத்தி சிரித்தது, அயிரை சிரித்தது. ஏரி முழுக்க அடியில் சிரிப்பாணி.

"இப்ப எந்தப் பக்கம் தள்ளட்டும் மதினி?"

"தண்ணி எங்க வழியுதோ அங்க!"

ஏலேலோ பாடிக்கொண்டு தள்ளினார்கள். ஒன்றோடொன்று பின்னிய கூட்டமாதலால் ஒருவர் நகர, வம்சமே நகர்ந்தது.

மேலே மந்திரி பூரித்துப்போனார். "என்ன எழுச்சி! என்ன வேகம்!"

"மந்திரி, நாம் சுற்றிப் போகிறோமா, நேராகப் போகிறோமா?"

"வளர்ச்சி என்றைக்குமே நேராகத்தான் போகும், தலை—"

தொபுக்கடீர் என்று கலிங்கலுக்கு அந்தப் பக்கம் விழுந்தார்கள். பின்னாலேயே வம்சமும்.

வெயில் அடிவரை இறங்கியது. கல்லிடுக்கு வேலம்பாசி சோம்பல் முறித்து, முத்து முத்தாகக் காற்றுக்குமிழி விட்டது. அன்று சாயங்காலமே அங்காயி அதில் முட்டைகளை ஒட்டிவைத்தாள். ஒவ்வொன்றும் ஒரு கடுகளவு வெளிச்சம். ஏரியே கூடி ஆடியது. தண்ணீர்ப்பாம்பு கூட அன்றைக்கு யாரையும் விழுங்கவில்லை.

ஆட்டத்தின் நடுவே கீழேரியிலிருந்து மந்திரியின் குரல் கேட்டது. "உங்கள் ஏரியைச் சீரமைக்கவே வந்திருக்கிறோம்! மேலே இருப்பவர்கள் எங்களைப் பிரிய மனமில்லாமல் ஆடிப் பாடி வழியனுப்புவதைக் கேளுங்கள்!"

கீழேரி கைதட்டியது.

அங்காயி ஆடுவதை நிறுத்தினாள்.

"மதினி, இவரு நம்மகிட்ட வந்த அன்னைக்கு மேலேரியிலயும் ஒரே பாட்டும் கூத்துமா கேட்டுச்சுல்ல?"

"ஆமா," என்றாள் வெள்ளத்தாயி. "எம்புட்டுப் பாசம்னு நான்கூட அழுதேன்டி."