பசறை பஸ் ரீமிக்ஸ்

அன்புள்ள விசிலு மாமாவுக்கு,

பேச்சாயி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அடுத்தபடி உங்கள் சுகத்தைக் கேட்க வேண்டும், ஆனால் செத்துப்போனவருக்கு அதை எப்படி எழுதுவதென்று தெரியாமல் பக்கத்துக் காம்பிரா யசோதினியிடம் கேட்டேன். "முதுகுவலி இப்ப இல்லைதானேன்னு எழுதுங்க மாமி" என்றாள். முதுகுவலி இப்போது இல்லைதானே?

நீங்கள் போய் இன்னும் வருசம் திரும்பவில்லை, அதற்குள் உங்கள் குரலைப் போட்டு ஊரே ஆடுகிறது. கோபப்படாமல் கேளுங்கள். போன மாதம் ஹாலிஎல சந்தியில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கிறேன், ஒரு திரீவீல் என்னைத் தாண்டிப் போகிறது, அதற்குள்ளேயிருந்து "பசறை, பசறை, பசறை! ஏறு, ஏறு, ஏறு!" என்று நீங்கள் கத்துகிறீர்கள். நான் பையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன், தக்காளியெல்லாம் ரோட்டில் உருண்டது. திரீவீல்காரன் நிறுத்தி, எங்கே போக வேண்டும் என்று கேட்டான். "எங்கயும் போகல, எங்க வீட்டுக்காரர் உள்ள இருக்காரு" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சீட்டுக்கு அடியில பாருங்கம்மா, அங்க இருந்தா எறக்கிக் கூட்டிட்டுப் போங்க" என்றான்.

யசோதினிதான் போனில் தேடி எடுத்துத் தந்தாள். பதுளை மிப்ரான் என்று ஒரு பையன், கல்யாணத்துக்கு சவுண்ட் செட் போடுகிறவன், பஸ்ஸில் கண்டக்டராக நீங்கள் கத்தினதை எடுத்துத் துண்டு துண்டாக வெட்டி, டும் டும் என்று அடி சேர்த்துப் பாட்டாக்கி வைத்திருக்கிறான். எலக்ட்ரோ ஹவுஸ் ரீமிக்ஸ் என்று பெயராம். ஹவுஸ் என்றால் வீடு என்றாள். தோட்டத்து லயத்தில் ஒற்றைக் காம்பிராவில் இருக்கிற நாம் வீடு கேட்டு இத்தனை காலமாகிறது, கடைசியில் பாட்டாகத்தான் வந்திருக்கிறது.

உங்கள் அண்ணன் முருகையாவுக்குக் கேட்டதும் வெறி பிடித்துவிட்டது. "எந் தம்பி செத்து ஈரம் காயல, அவன் சத்தத்துக்கு ஆட்டமா? நீ போயி அழிக்கச் சொல்லு. நான் போனா கை நீண்டுரும்!" என்றார். அவர் கை நீண்டதை நான் கறிச்சட்டிப் பக்கம் மட்டும்தான் கண்டிருக்கிறேன். ஆனாலும் சரி என்று கிளம்பினேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அழிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. உங்கள் படம் இருக்கிறது, சட்டை இருக்கிறது, குரல் ஒரு சொட்டுக்கூட என்னிடம் இல்லை. பஸ்ஸில் கத்திவிட்டு வந்து வீட்டில் வாயே திறக்கமாட்டீர்களே. இன்னொன்று, பஸ்ஸில் நீங்கள் கத்தினால் திட்டுகிற சனம், அதையே பாட்டில் கேட்டால் ஏன் ஆடுகிறது என்று பார்க்கவும் ஆசையாக இருந்தது.

ஹாலிஎலவில் ஒரு மண்டபம், பகல் கல்யாணம், மிப்ரான்தான் சவுண்ட் செட். தாலியறுத்தவள் முன்வாசலால் போகக் கூடாதென்று சமையல்கட்டு வாசலில் நின்றேன். பாட்டு வந்ததும் பொடியன்கள் எல்லோரும் ஒரு கையை மேலே தூக்கிக்கொண்டார்கள், பஸ் கம்பியைப் பிடிக்கிற மாதிரி. மற்றக் கையால் இல்லாத பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குலுங்குகிறார்கள். "பின்னுக்குப் போங்க, பின்னுக்கு எடம் இருக்கு!" என்று நீங்கள் சொன்னதும் மண்டபமே பின்னுக்குப் போகிறது, பொண்ணு மாப்பிள்ளையும்தான். சுவரோரம் சோற்றுக் கோப்பையோடு நின்ற ஒரு பெரியவர் நசுங்கிப்போய், "எங்கடா எடம் இருக்கு? ஏந் தலையிலயா?" என்று கத்தினார். அசல் நம்ம பஸ்தான் மாமா! திடீரென்று அடி நின்றது. ஒரு சத்தமில்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், பசறை வளைவில் பஸ் தூக்கும்போது வயிறு தொண்டைக்கு வருமே, அந்த மாதிரி. அப்புறம் "ரைட், போ!" என்றீர்கள். இடி விழுந்த மாதிரி அடி திரும்ப வந்தது, கூரைத் தகரம் அதிர்ந்தது, எல்லோரும் குதித்தார்கள். ஏன் ஆடுகிறார்கள் என்பது அப்போது விளங்கியது.

பாட்டு முடிந்ததும் மிப்ரானைப் பிடித்தேன். யாரென்று சொன்னதும் பையன் முகம் வெளுத்துப்போய், "அல்லாவே, அவர் மௌத்தாப் போயிட்டாரா? எனக்குத் தெரியா ஆன்டி. நான் அவர்ட பஸ்ஸிலதான் ஸ்கூல் போன. ஒரு நாள் சும்மா போன்ல ரெகோட் பண்ணின" என்றான். டும் டும் இல்லாமல் இருக்கிறதா என்று கேட்டேன். காதில் பெரிதாக ஒன்றை மாட்டிவிட்டுப் போட்டுக் காட்டினான். கேட்டேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அழித்துவிடு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உங்கள் அண்ணன் மனம் குளிர்ந்து இரண்டு வேளை சாப்பிட்டார்.

நீங்கள் அங்கேயும் நின்றுகொண்டே போகாமல், நெரிபடாமல், ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்கார்ந்துகொள்ளுங்கள். சாமி துணை.

இப்படிக்கு,
பேச்சாயி

பின்குறிப்பு: மேலே எழுதியதை, கறிச்சட்டியை மட்டும் விட்டுவிட்டு, உங்கள் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன், அவருக்காகத்தான் அப்படி எழுதினேன். அழிக்கச் சொல்லவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னேன். நானும் சமையல்கட்டு வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு குலுங்கினேன், கோப்பை கழுவுகிறவள், "என்ன மாமி, டிக்கட் எடுத்தாச்சா?" என்று சிரித்தாள். டும் டும் இல்லாததை யசோதினி போனில் வாங்கி வைத்திருக்கிறோம். அதில் கத்தலெல்லாம் முடிந்து பஸ் நிற்கிறது. அப்புறம் நீங்கள் மெதுவாக, "பாத்து எறங்கு, தங்கம்" என்கிறீர்கள். அந்தக் குரலுக்கு ஆட்கள் ஆட மாட்டார்கள் என்று மிப்ரான் அதை வெட்டிவிட்டானாம். எந்த நாள் என்று அவனுக்கு ஞாபகமில்லை, யாராவது ஸ்கூல் பிள்ளையாக இருக்கும் என்கிறான். என்னை நீங்கள் ஒரு நாளும் தங்கம் என்று கூப்பிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் உங்கள் பஸ்ஸில் வந்தால் தெரியாத ஆள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். இறங்கும்போது என்ஜின் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்காது. மாமா, அன்றைக்கு இறங்கினது யார்? நானா?