என் படத்துக்கு என் மாமியார் காட்டிய சூடம்

ஏழெட்டு மாதம் நான் தெய்வமாக இருந்திருக்கிறேன். கேட்பவர்களுக்குப் பொறாமையாக இருக்கலாம். அனுபவித்தவள் சொல்கிறேன், அதைப் போல அவஸ்தை வேறில்லை. காலையில் எனக்குச் சூடம் காட்டிய அதே கை, மத்தியானம் குழம்புச் சட்டியை என் பக்கம் தள்ளி, "உப்பு எங்கட்டி போச்சு?" என்று கேட்கும்.

கல்யாணமான நாலாம் மாதமே என் கணவர் ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டார். மரக்கடையில் வேலை. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமியாரோடு. ஒருநாள் ரங்கூனிலிருந்து ஒரு பட்டுக் கைக்குட்டையும் நாலு வரியும் வந்தன. உன் முகம் மறந்துவிடும் போலிருக்கிறது, ஒரு படம் எடுத்து அனுப்பு, கல்யாணப் படம் மாதிரி விறைப்பாக வேண்டாம், எனக்காக மட்டும் எடு என்று எழுதியிருந்தார்.

மாமியாரிடம் சொல்ல முடியாது. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்பது அவர் கட்சி. (மருமகளின் ஆயுசைப் பற்றி அவர் கவலைப்பட்ட ஒரே இடம் அதுதான்.) தெரிந்தால் பெட்டியைக் கட்டிப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். வேற்றூரில் எடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்பது என் ராஜதந்திரம்.

ஸ்டூடியோக்காரர் வெங்கட்ராஜா. வீட்டில் தெலுங்கு, தொழிலில் தமிழ். அக்கா வாசலில் காவல் நிற்க, உள்ளே நான் என் அலங்காரத்தை முடித்தேன். அந்தக் காலத்துக் கிழவிகள் ரவிக்கை இல்லாமல்தான் தெருவில் நடந்தார்கள். ஆனால் ரவிக்கை போட்டுப் பழகிய ஒருத்தி அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சேலையை மட்டும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால், அது வேறு சங்கதி. தலைக்கு ஆண்டாள் கொண்டை போட்டு, மல்லிகையைச் சுற்றிக்கொண்டேன். எங்கள் ஊரில் அழகு என்றால் அந்த ஒரு மாதிரிதான் உண்டு. கைக்குட்டை வந்து சேர்ந்தது தெரியட்டும் என்று அதை இடது கையில் பிடித்துக்கொண்டேன்.

"இது அவுகளுக்கு மட்டும். வேற ஒரு கண்ணு பாக்கக் கூடாது" என்றேன்.

"என் கண்ணே பாக்காது தாயி" என்று சொல்லிவிட்டு அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். உள்ளேயிருந்து "பாகுந்தி, பாகுந்தி" என்று குரல் வந்தது. பார்க்காத கண்ணுக்கு நன்றாக இருப்பது எப்படித் தெரிகிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. "ஒங்க வீட்டுக்காரர நெனச்சுக்கோங்க" என்றார், நினைத்துக்கொண்டேன். எப்படி நினைத்தேன் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை.

படம் ரங்கூனுக்குப் போய்ச் சேர்ந்தது. நானும் மறந்துவிட்டேன். ஆடிப்பூரம் வந்தது. தேர் பார்த்துவிட்டு ரத வீதியில் மாமியாருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். சாமிப் படக் கடை முன்னால் அவர் நின்றார். நானும் நின்றேன். கடையில் நான் தொங்கிக்கொண்டிருந்தேன்.

கொண்டையில் முத்தும் நெற்றியில் நாமமும் வரைந்து என்னை ஆண்டாளாக்கியிருந்தார் வெங்கட்ராஜா. கைக்குட்டை இருந்த இடத்தில் பச்சைக் கிளி. வெறும் தோளை மறைத்துப் பெரிய மாலை ஒன்று இறங்கியது (அந்த மட்டுக்கு மானத்தைக் காப்பாற்றினார்). முகத்தில் மட்டும் கை வைக்கவில்லை. மோவாய் மச்சம்கூட அப்படியே இருந்தது.

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அந்தக் கண்ணப் பாருட்டி. ரெங்கமன்னார நெனச்சு எப்படி ஏங்குதா பாரு. எம்புட்டு பக்தி இருந்தா இப்பிடி ஒரு பார்வை வரும்" என்றார்.

நான் மோவாயை முந்தானையால் மறைத்துக்கொண்டேன். மாமியார் படத்தை வாங்கிக்கொண்டு வந்து கிழக்குச் சுவரில் மாட்டினார். அன்றிலிருந்து தினமும் பூ, சூடம், வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல். என்னையும் விழுந்து கும்பிடச் சொல்வார். என் காலில் நானே விழுந்து எழுந்திருப்பேன். அவர் கண்டுபிடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். தினமும் பார்க்கிற முகத்தை யார் பார்க்கிறார்கள், அதுவும் மருமகள் முகத்தை?

கோபம் பொங்கிக்கொண்டு மறுபடி ராஜபாளையம் போனேன். "யாரக் கேட்டு இதச் செஞ்சீக?"

வெங்கட்ராஜா எழுந்து நின்று கைகூப்பினார். எனக்கா, படத்துக்கா என்று தெரியவில்லை. "ஒங்கள நான் யாருக்கும் காட்டலையே தாயி. ஆண்டாளத்தான காட்டுதேன். மகாராஜபுரம், புதுப்பட்டி வரைக்கும் போயிருக்கு. போன வீட்டுல எல்லாம் பூச நடக்கு."

"மூஞ்சி என்னுதுல்லா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவீகளே. அதான் கேக்கல" என்றார், உலகத்திலேயே நியாயமான மனிதர் போல.

படம் பதிந்த கண்ணாடித் தகட்டை உடைத்துப் போடச் சொன்னேன். "தெய்வத்த ஒடைக்கச் சொல்லுதீகளே" என்று காதைப் பொத்திக்கொண்டார். ஊரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். கேட்டால் அது நான்தான் என்று முதலில் நானே சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாசியில் கணவர் விடுப்பில் வந்தார். மகன் பெட்டியைத் திறக்க மகனைக் கேட்க வேண்டும் என்று எந்தத் தாய் நினைத்தாள்? திறந்தார். லுங்கிகளுக்கு நடுவிலிருந்து படத்தை எடுத்தார். கிளி இல்லை, மாலை இல்லை. தோளும் கைக்குட்டையும் இருந்தன. அந்தக் கண்ணும் இருந்தது.

மாமியார் படத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக என் முகத்தை முழுசாகப் பார்த்தார். கணவரும் அப்போதுதான் சுவரைப் பார்த்து, சிரிப்பை இருமலாக மாற்றப் பாடுபட்டார். நான் மனசுக்குள் பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டேன்.

மாமியார் படத்தை லுங்கிக்கு அடியில் வைத்து மூடினார். "சாப்பிட வாலே" என்று மகனிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் பூக்கூடையோடு அடுப்படிக்கு வந்தார். என்னைப் பார்க்காமல், "ஏட்டி, அந்தப் படம் அங்கனயே இருக்கட்டுமா, கழட்டிரட்டுமா? நீ சொல்லு" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பெண் பார்க்க வந்தபோது என்னை யாரும் கேட்கவில்லை. கணவர் கப்பலேறும்போது கேட்கவில்லை. வெங்கட்ராஜா கேட்கவே இல்லை. முதன்முதலில் கேட்டது, நான் யாருக்குப் பயந்து நடுங்கினேனோ அந்த மனுஷி.

"இருக்கட்டும் அத்தை" என்றேன்.

"சரி. அப்ப இனிமே பூவ நீயே வச்சுக்க. நான் வச்சா ஒனக்குத் தல கனத்துரும்."

ரொம்ப வருஷம் கழித்து, என் மூத்தவனுக்குப் பெண் பார்க்கப் புதுப்பட்டி போனோம். பூஜை மாடத்தில் கிளியோடு நான் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டுத்தான் தாம்பூலம் மாற்றினேன். சம்மதம் என்றாள். ஆனாலும் படத்தின் கதை தெரிந்த பிறகு, புருஷனோடு சண்டை வரும்போதெல்லாம் அவள் நேராக என்னிடம்தான் வருவாள்.

"தெனமும் வெளக்கேத்தி, நல்ல புருஷனக் குடு தாயேன்னு ஒங்ககிட்டதான அத்தை வேண்டினேன். கடைசில ஒங்க மகனையே எந்தலையில கட்டிட்டீகளே."