கூடிப்போன ஒரு புத்தகம்

செந்தில்வேல் மூன்றாம் முறையாக எண்ணி முடித்தார். பதிவேட்டில் நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு புத்தகங்கள். அலமாரிகளில் நாலாயிரத்து நூற்றுப் பத்தொன்பது.

குறைந்திருந்தால் தொலைந்துபோனது என்று எழுதிக் கொடுத்துத் தப்பித்துவிடலாம். கூடினால் என்ன செய்ய? எங்கே திருடினாய் என்றல்லவா கேட்பார்கள்! மதியம் மூன்று மணிக்கு இருப்பைச் சரிபார்க்க அதிகாரி வருகிறார். எண்ணிக்கை சரியாக இருந்தால் பணி நிரந்தரம். குற்றாலம் போகிற வழியிலிருந்த அந்த ஊர்ப்புற நூலகத்தில் பதினொரு வருஷமாகத் தற்காலிக நூலகர் அவர். மனு எழுதி எழுதியே கையெழுத்து அழகாகிவிட்ட மனுஷன்.

கூடிப்போன புத்தகம் சமையல் குறிப்புகளுக்கு நடுவில் அகப்பட்டது. 'நூலகர் படை' என்று ஒரு சித்திரக்கதை. எண் கிடையாது, முத்திரை கிடையாது. அட்டையில் மூன்று நூலகர்கள் அருவி உச்சியிலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். புஜம் ஒவ்வொன்றும் பலாப்பழ அளவு. அதில் ஒரு அம்மாள் தேதி முத்திரையைச் சுழற்றி எறிய, புத்தகத்தைத் திருப்பித் தராத ஒருவன் பல் தெறிக்க விழுந்தான்.

"நமக்கு இந்த வீரம் இருந்தா எதுக்கு மனு எழுதிட்டுத் திரியுதேன்?" என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

அப்புறம்தான் கவனித்தார். மூவரும் வாயைத் திறந்து என்னவோ கத்திக்கொண்டிருந்தார்கள். பேச்சுக் குமிழ்கள் மட்டும் காலியாக இருந்தன.

வெளியே சாரல். எதிரேயிருந்த பஸ் ஸ்டாப் பெஞ்சில் புத்தகத்தை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்து உட்கார்ந்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. தினமும் பேப்பர் படிக்க வரும் வல்லிநாயகம் அண்ணாச்சி அதைத் தூக்கிக்கொண்டு நுழைந்தார்.

"ஏலே செந்திலு, புக்க பஸ் ஸ்டாப்புல போட்டுட்டு வந்துருக்க!"

"அது நம்ம புக்கு இல்ல அண்ணாச்சி. முத்திரை இருக்கா பாருங்க."

"முத்திரை எதுக்குலே? அட்டையிலதான் உன் மூஞ்சி இருக்கே."

இருந்தது. நாலாவது ஆளாக, அதே கட்டம் போட்ட சட்டையில், அதே அரை வழுக்கையோடு. புஜம் மட்டும் புதுசு. சாரலில் கிடந்த புத்தகம் ஒரு துளிகூட நனையவில்லை. செந்தில்வேல் அதைக் கை நீட்டி வாங்கவே தயங்கினார். பொய் சொல்வானேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"நல்லாத்தான இருக்கேன் அண்ணாச்சி?"

"படத்துல இருக்க. நேர்லதான் மங்கிட்டே வார. காலைல சாப்பிட்டியா?"

சரி, வந்த சனியனை நூலகத்திலேயே சேர்த்துவிடுவோம் என்று முடிவு செய்தார். பதிவேட்டில் ஏற்றினார். முதல் பக்கத்தில் முத்திரை. கடைசிப் பக்கத்தில் முத்திரை. இரண்டையும் கிழித்துவிட்டுத் திருடுகிறவனைப் பிடிக்க ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒரு ரகசியப் பக்கம் உண்டு. இங்கே அது பதினேழு. அதிலும் ஓங்கி ஒரு குத்து.

"ஏ செந்திலு! எங்கன போயிட்ட?" என்றார் அண்ணாச்சி.

"இங்கனதான் நிக்கேன்!"

அண்ணாச்சி அவர் ஊடாகச் சுவரைப் பார்த்தார். "இம்புட்டு நேரம் இருந்தான். டீ குடிக்கப் போயிட்டான் போல" என்று முணுமுணுத்து, பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போயே போய்விட்டார்.

செந்தில்வேல் சட்டென்று புத்தகத்தை இழுத்தார். பதினேழாம் பக்கத்தைத் திறந்தார். அங்கே அவர் கையை ஆட்டிக்கொண்டு நின்றார். குமிழில், "இங்கனதான் நிக்கேன்!"

பதறிப்போய், பதிவேட்டில் ஏற்றியதைச் சிவப்பு மையால் அடித்தார். அடித்த கோடு காகிதத்துக்குள் இறங்கி மறைந்தது. பக்கத்திலிருந்த வருகைப் பதிவேட்டில், காலையில் அவர் போட்ட கையெழுத்தும் மறைந்தது. அப்புறம் நேற்றையது. அப்புறம் போன வருஷத்தது. பக்கங்கள் தானாகப் புரள, பதினொரு வருஷமும் வெளுத்தது.

"ஐயோ, என் சர்வீஸு!" என்று அலறினார். சத்தமே வரவில்லை.

சரியாக மூன்று மணிக்கு அதிகாரி வந்தார், பின்னால் டிரைவர் பாண்டிராஜ். செந்தில்வேல் நாற்காலியைவிட்டு எழுவதற்குள் அதிகாரி அதிலேயே உட்கார்ந்துவிட்டார். செந்தில்வேலுக்கு ஒன்றும் வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பாண்டிராஜ் அலமாரிகளை எண்ணி முடித்து வந்தான். "நாலாயிரத்து நூத்திப் பத்தொம்பது சார். பதிவேட்டுலயும் அதேதான்."

அதிகாரி தலையாட்டிவிட்டு, வேறு எதையும் தேடாமல் 'நூலகர் படை'யை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அங்கே செந்தில்வேல் அருவி உச்சியில் நின்று, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். குமிழில், "வணக்கம் சார்! என்னைத் தெரியுதா சார்!"

"வணக்கம், வணக்கம்" என்று காகிதத்துக்குப் பதில் சொன்னார் அதிகாரி. பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

பாண்டிராஜ் பையைத் திறந்தபடி கேட்டான். "அப்ப இவரையும் நிரந்தரம் பண்ணியாச்சு. அடுத்த புக்க எந்த லைப்ரரில கொண்டுபோய்ச் சொருகட்டும் சார்?"