வக்கீல் வைக்காமல் நான் நடத்திய வழக்கு

பாப்பிரெட்டிப்பட்டியில் முதல் மாவு மில் என்னுடையது. பாறை தட்டிவிட்டது, இனித் தண்ணீர் வராது என்று ஆட்கள் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போன இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் காட்டியவன் நான். பொம்மிடி ஸ்டேஷனுக்குப் புளி மூட்டை ஏற்றிப்போக ஒற்றை மாட்டு வண்டி வைத்திருந்தவன், பிறகு லாரியே வாங்கினேன். மாடி வைத்து வீடு கட்டினேன். இத்தனைக்கும் படிப்பு மூன்றாம் வகுப்பு. (அதிலும் பாதி நாள் மாடு மேய்க்கப் போய்விட்டேன்.) இதெல்லாம் ஊருக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் ஒரு வக்கீலை உண்டாக்கியதும் நான்தான் என்பதைத்தான் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

எழுபதுகளின் தொடக்கம். என் மனைவி பச்சையம்மாளின் தம்பி மாதையன் சேலத்தில் பி.ஏ. முடித்துவிட்டு எங்கள் வீட்டில் இருந்தான். சென்னையில் சட்டம் படிக்க இடம் கிடைத்திருந்தது. செலவு செய்ய வேண்டியவன் நான். எனக்கோ அவனை மில்லில் உட்கார வைக்க ஆசை.

"பேசறதுக்கு ஒரு படிப்பாடா? வாயி சும்மாதானே கெடக்குது?" என்றேன்.

"வெறும் பேச்சு இல்லீங்க மாமா, அதுல நொணுக்கம் நெறைய இருக்குதுங்க."

"நான் பேசியே எத்தன பஞ்சாயத்துல ஜெயிச்சிருக்கேன் தெரியுமில்ல?"

"ஜெயிச்சீங்களோ, உங்க தொல்ல தாங்காம வுட்டாங்களோ!" என்றது அடுப்படியிலிருந்து பச்சையம்மாளின் குரல்.

அந்தச் சமயத்தில் எனக்கு ஒரு வழக்கு இருந்தது. மில்லுக்கு வரும் வண்டித் தடம் பக்கத்து நிலத்துக்காரர் பெருமாளின் வரப்போரமாகப் போகும். ஏதோ கோபத்தில் அவர் முள் வெட்டிப் போட்டுத் தடத்தை அடைத்துவிட்டார். கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவரிடம் எழுதி வாங்கி, தருமபுரி முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தேன்.

"வக்கீலே வேண்டாம், நானே பேசறேன். நான் ஜெயிச்சா நீ மில்லுல உக்காரு. தோத்தா நானே உன்ன ரயிலேத்தி வுடறேன்" என்றேன். மாதையன் தலையாட்டினான். பச்சையம்மாள் அன்றைக்கே அவன் துணிகளைத் துவைக்கப் போட்டாள்.

எங்கள் பக்கத்துப் பஞ்சாயத்தில் ஒரு முறை உண்டு. எடுத்ததும் எதிராளியை உயர்த்த வேண்டும். 'அவர் பூமி, அவர் மனசு வைத்துத்தான் நான் பிழைக்கிறேன்' என்று சபையில் சொல்லிவிட்டால், அவரால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்து, 'அட, நீங்க போய்க்கங்க, யாரு வேண்டாங்கறது?' என்று சொல்லியே தீர வேண்டும். சொல்லாவிட்டால் அவர் மனிதரே இல்லை. நான் ஜெயித்ததெல்லாம் இந்த வழியில்தான்.

விசாரணை நாளன்று கஞ்சி போட்ட வேட்டியில் போய்க் கூண்டில் ஏறினேன். (தோளில் கிடந்த துண்டைச் சேவகர் எடுக்கச் சொன்னார். பாதி பலம் அங்கேயே போயிற்று.) பெருமாளின் வக்கீல் ஒல்லியான ஆள்.

"அந்தத் தடம் யாரோட நிலத்துல இருக்கு?" என்று கேட்டார்.

"அவரு பூமிதானுங்க, அதுல என்ன சந்தேகம்?"

"அப்போ அவர் அனுமதி கொடுத்துத்தான் போய்ட்டிருந்தீங்க?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன். கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி, "ஆமாங்க! அவரு பெரிய மனசு. அவரு வேண்டாம்னு சொல்லியிருந்தா ஒரு நாளாச்சும் எங்க வண்டி போயிருக்குமா?" என்றேன்.

முன்சீப் பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பேச்சை எந்தப் பஞ்சாயத்திலும் யாரும் எழுதி வைத்ததில்லை.

பெருமாளைப் பார்த்தேன். அவரும் எங்கள் ஊரில் பிறந்தவர்தானே. "அட, அதுக்கென்னங்க, நீங்க..." என்று பாதி எழுந்தேவிட்டார். அந்த ஒல்லி வக்கீல் அவர் வேட்டி முனையைப் பிடித்து ஒரே இழுப்பில் உட்கார வைத்து, "வேறு கேள்வி இல்லை" என்றார்.

வெளியே வந்ததும் மாதையன் விளக்கினான். அனுமதியோடு போனால் அது சலுகை, உரிமை ஆகாதாம். யாரையும் கேட்காமல் காலங்காலமாகப் போகிறேன், அது என் தடம் என்று சொல்லியிருக்க வேண்டுமாம்.

"அப்படிச் சொன்னா மரியாதையா இருக்குமாடா?"

"மரியாதையா இருக்காதுங்க மாமா. தடம் இருந்திருக்கும்."

வழக்குத் தள்ளுபடியானது. மில் வண்டிகள் ஏரியைச் சுற்றி வந்தன. சரியான நேரத்தில் ஒரு வேட்டியை இழுக்கத்தான் அந்தப் படிப்பு என்றால், அதற்குச் செலவு செய்யலாம் என்று எனக்கும் பட்டது. சொன்னபடி பொம்மிடியில் நானே அவனை ரயிலேற்றினேன்.

அன்றிலிருந்து நான் யாரிடமாவது மரியாதைக்கு விட்டுக்கொடுத்துப் பேசினால், வீட்டில் யாராவது என் வேட்டியை இழுப்பார்கள். பேத்தி கல்யாணத்தில் சம்பந்தியிடம், "லேட்டானது எங்க தப்புதானுங்க" என்றேன். பின்னாலிருந்து இழுத்த இழுப்பில் நாற்காலியில் விழுந்தேன். இழுத்தது மணப்பெண்.

போன மாதம் மாதையனுக்குத் தருமபுரியில் பாராட்டு விழா. பாடம் சொன்னவர்கள், சீனியர், அக்கா என்று எல்லோருக்கும் நன்றி சொன்னான். என் பெயர் வரவில்லை. கேட்டால் பச்சையம்மாள், "உங்க பேரச் சொன்னா நீங்க தோத்ததையுமில்ல சொல்லோணும்?" என்கிறாள்.

சொல்லட்டுமே. அன்றைக்கு நான் ஜெயித்திருந்தால் அவன் இன்று மாவு அளந்துகொண்டிருப்பான். அடுத்த விழாவிலாவது மாதையன் மைக்கைப் பிடித்து, அந்த வழக்கில் தோற்றது வேறு யாருமில்லை, என் மாமாதான் என்று ஊரறியச் சொல்ல வேண்டும். முன் வரிசையில் எழுந்து நிற்க நான் தயார்.