ஒரு மணி நேரக் கண்கட்டு

“சார், அது கதவு இல்ல. பீரோ.”

இயக்குநர் பீரோவுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார். கண்ணில் கறுப்புத் துணி. மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்டு முறைப்படி வாங்கிய துணி. சொன்னவள் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு நேர்காணலுக்கு வந்திருந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லை. இது அவளுக்கு நாலாவது நேர்காணல். இந்த மாதத்தோடு வயது வரம்பு முடிகிறது.

பார்வையற்றோருக்கு வேலை கொடுக்குமுன் அவர்களுடைய சிரமத்தை அதிகாரிகள் ஒரு மணி நேரம் அனுபவித்து அறிய வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. ஆகவே இயக்குநர், துணை இயக்குநர், தலைமை எழுத்தர் மூவரும் கண்ணைக் கட்டிக்கொண்டு அவளை நேர்காணல் செய்தார்கள்.

“பார்வை இல்லாம எப்படிம்மா வேலை செய்வீங்க?” என்று இயக்குநர் காலி நாற்காலியைக் கேட்டார்.

“நான் இந்தப் பக்கம் இருக்கேன் சார்.”

டெலிபோன் அடித்தது. துணை இயக்குநர் பாய்ந்து எடுத்துக் காதில் வைத்தார். அது தண்ணீர் டம்ளர். தோளெல்லாம் நனைந்தது. அவள் ரிசீவரை எடுத்துப் பேசினாள்.

“டைரக்டர் சார், உங்க வீட்டம்மா. சாப்பாட்டுப் பைய வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டீங்களாம்.”

“மணி என்னய்யா ஆச்சு?” என்றார் இயக்குநர்.

அவள் கைக்கடிகாரத்தின் மூடியைத் திறந்து முள்ளைத் தடவினாள். “இன்னும் பத்து நிமிஷம் இருக்கு சார்.”

“எனக்கு இப்பவே தெரிஞ்சுபோச்சு,” என்றார் துணை இயக்குநர், சட்டையைப் பிழிந்துகொண்டே. “கண்ணு தெரியாம ஒரு வேலையும் பண்ண முடியாது.”

“அனுபவபூர்வமான உண்மை,” என்றார் இயக்குநர். “நிராகரிப்பு ஆணைய எடுய்யா.”

முடிவு எதுவானாலும் தாமதம் கூடாதென்று இரண்டு ஆணைகளும் முன்கூட்டியே தட்டச்சாகி மேஜையில் இருந்தன. தலைமை எழுத்தர் துழாவினார். “நியமன ஆணையில அழுத்து முத்திரை இருக்கு சார், தடவினா மேடா இருக்கும். வழவழன்னு இருக்கிறது நிராகரிப்பு.”

மூவரும் தடவினார்கள்.

“ரெண்டும் ஒரே மாதிரிதானய்யா இருக்கு?”

“நான் எடுத்துத் தரட்டுமா சார்?”

அவள் ஒரு தாளில் விரலை ஓட்டினாள். வழவழவென்று இருந்தது. அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். இயக்குநரின் கையைப் பிடித்து, பேனாவை உரிய இடத்தில் நிறுத்தினாள்.

“பாக்காமப் போட்ட கையெழுத்து செல்லுமாய்யா?”

“இத்தன வருஷமா செல்லுதே சார்,” என்றார் தலைமை எழுத்தர்.

இயக்குநர் போட்டார். “வருத்தப்படாதீங்கம்மா. உங்க கஷ்டம் எங்களுக்கு இப்ப நல்லாப் புரியுது.”

“ரொம்ப நன்றி சார்.”

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். கதவருகே சுவிட்சு கையில் தட்டுப்பட்டது. விளக்கை அணைத்துவிட்டு வெளியே போனாள்.