மரப்பெட்டியா, கறுப்புப் பெட்டியா?

சேசு மரி சூசை துணை

பொந்தியான்,
அந்தோணியார் திருநாளுக்கு முந்தின நாள், 1934

அன்புள்ள வாலண்டைன் மாமாவுக்கு இன்பராணி பணிவுடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம். அப்பாவின் கோயில் காற்சட்டைக்கு மட்டும் நலமில்லை; காரணம் கீழே வருகிறது. நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல், யார் பக்கமும் சாயாமல், உண்மையாகவே எழுதப்போகிறேன். அப்பாவை எழுதவிட்டால் மலிவானதே நல்லது என்பார். அம்மாவுக்கோ தம்பியான நீங்கள் சொல்வதுதான் வேதம்.

படகு இயந்திரத்துக்காக நீங்கள் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய இரண்டு பேட்டரிகளும் வந்து சேர்ந்தன. பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பச் சொன்னீர்கள். மலிவானது மரப்பெட்டியில், விலை கூடியது கறுப்புப் பெட்டியில். இரண்டிலும் ஈயத் தகடும் அமிலமும்தானே, பிறகு ஏன் இவ்வளவு விலை வித்தியாசம் என்று அறிய எனக்கு ஆவல் தாங்கவில்லை. அப்பா மூடியைத் திறந்து காட்டினார். காற்சட்டையில் அமிலம் தெறித்தது அப்போதுதான். கறுப்புப் பெட்டியில் தகடுகள் தடிப்பாக இருந்தன.

"தகடு தடிச்சா படகு பறக்குமா?" என்றார் அப்பா.

"போன வருஷம் மலிவா வாங்கித்தானே நடுக்கடல்ல நின்னீங்க? பாவம், சாமியாரே துடுப்பு போட்டாரு!" என்றார் அம்மா.

நாளை விடியற்காலை திருநாள் பூசைக்காகச் சாமியாரை அப்பாதான் கடலோரக் கம்பத்துக் கிராமத்துக்கு ஏற்றிச் செல்ல வேண்டும். இந்த வருடமும் இயந்திரம் நின்றால் அந்தப் பொறுப்பு சீனத் தவுக்கே முதலாளியின் படகுக்குப் போய்விடும் என்று கோயிலில் சொல்லிவிட்டார்கள். அப்பா இரண்டு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகையால், சோதித்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும் என்று என் விஞ்ஞானப் புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். உடனே அப்பா படகின் இரண்டு விளக்குகளையும் கழற்றி வந்து, பேட்டரிக்கு ஒன்றாகக் கூடத்தில் கட்டி நேற்று மாலை ஏற்றினார். எது முதலில் மங்குகிறதோ அது தோற்றது. அதிலிருந்து வீட்டில் கூட்டம். பக்கத்து வீட்டுச் செல்லம் அக்கா தையலோடு வந்து, "அலமாக், கல்யாண வீடு மாதிரி இருக்கே!" என்று உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை, செபமாலையும் இந்த வெளிச்சத்திலேயே சொன்னோம். முதலில் அணைத்தவர் தோற்றவராகிவிடுவார் என்பதால் அப்பாவும் அணைக்கவில்லை, அம்மாவும் அணைக்கவில்லை. பேட்டரியில் காதை வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. இப்போது மறுபடி இருட்டப்போகிறது, இரண்டும் ஒன்றுபோலவே எரிகின்றன. எதை வைத்துக்கொள்வது என்று தாங்களே முடிவு சொல்ல வேண்டும்.

அத்தைக்கு அம்மாவின் அன்பும், குழந்தைகளுக்கு என் முத்தங்களும். அந்தோணியார் உங்கள் எல்லோரையும் காப்பாராக.

கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
இன்பராணி

பி.கு. மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். மரப்பெட்டியின் விளக்கு மங்கிச் சிவந்தது. அம்மா கைதட்டி முடிப்பதற்குள் கறுப்புப் பெட்டியின் விளக்கும் சிவந்தது. "சரி, செலவான கரண்ட்டை எப்படித் திரும்ப ஊத்துறது?" என்று அப்பா கேட்டார். அதற்கு மெஷின் வேண்டும் என்று புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன். "ஐஸ் கம்பெனில இருக்கு. ஆனா நாளைக்கு மத்தியானம்தான் தொறப்பாங்க லா," என்றார் செல்லம் அக்கா. கடைசியில் நான்தான், எது நல்லது என்று மாமாவுக்கு எழுதுவது என்று கேட்டேன்.

"துடுப்புன்னு எழுது," என்று சொல்லிவிட்டு அப்பா அதைத் தேடப் போனார். விளக்குகள் அணைக்கப்பட்டன.