என் சுவெற்றருக்குள் தேங்காய் இருக்கவில்லை

பாலேந்திரன் ஒரு பொய்யன். என் மனைவியின் தம்பி, சிட்னியின் பென்டில் ஹில்லில் பாதிப் பேருக்கு வரிக் கணக்குப் பார்ப்பவன், நமது சங்கத்தின் முன்னாள் தலைவன், இரண்டு முறை பொன்னாடை போர்த்தப்பட்டவன். எல்லாம் சரி. பொய்யன்.

நாற்பது வருடத்துக்கு மேலாக இவன் ஒரே கதையைச் சொல்லித் திரிகிறான். "அத்தான் ஒருக்கா சுவெற்றருக்க, வயித்தோட தேங்காயை வச்சுக்கொண்டு ஐஸில விளையாடப் போனவர்" என்று தொடங்குவான். கலியாண வீட்டில் சொல்வான். பிறந்தநாள் விழாவில் கேக் வெட்ட முதல் சொல்வான். போன மாதம் லிட்கம்மில் ஒரு செத்த வீட்டிலும் சொன்னான். செத்தவரின் மகள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தாள். அதோடு என் பொறுமை முடிந்துவிட்டது.

இந்த வருடச் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். 'புலம்பெயர் வாழ்வின் சவால்கள்' என்று தலைப்பும் தந்தார்கள். என் சவால் பாலேந்திரன்தான். ஆகவே எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. பரமட்டாவில் பாலங்களுக்கும் கால்வாய்களுக்கும் படம் வரையும் ஓர் அலுவலகத்தில் நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். என் மேலதிகாரி ரொஸ் என்ற கனடாக்காரர். நல்ல மனிதர், ஆனால் ஒரு பைத்தியம் உண்டு. அதன் பெயர் கேர்லிங். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பனித்தரையில் ஒரு பெரிய கருங்கல்லை வழுக்கிவிட வேண்டும். கல்லுக்கு மேலே கேத்திலுக்கு இருப்பது போல ஒரு பிடி இருக்கும். தூரத்தில் ஒரு வட்டம் வரைந்திருக்கும். வட்டத்தின் நடுவுக்கு யாருடைய கல் கிட்டப் போகிறதோ அவர்களுக்குப் புள்ளி. கல் போகும்போது அதற்கு முன்னால் இரண்டு பேர் தும்புத்தடியால் பனியைக் கூட்டிக்கொண்டே ஓட வேண்டும். கூட்டினால் கல் கூடத் தூரம் போகும். இதுதான் விளையாட்டு. (நானும் முதலில் நம்பவில்லை.)

ரொஸ் கப்பலில் வந்தபோது தளபாடங்களை விட்டுவிட்டு இந்தக் கற்களைக் கொண்டுவந்தவர். அவருடைய மனைவி வந்த புதிதில் பெட்டிகளின் மேல் உட்கார்ந்துதான் சாப்பிட்டார் என்று கேள்வி.

அந்தக் குளிர்காலத்தில் அவர் ஆண்களுக்கான தேசிய சாம்பியன் போட்டி ஒன்றை ஒழுங்கு செய்தார். சிட்னியிலிருந்து இரண்டு அணி, மெல்பேர்ணிலிருந்து ஒரு அணி. மூன்று அணி விளையாடினால் தேசியப் போட்டியா என்று கேட்காதீர்கள். இந்த நாட்டில் வேறு யாரும் அதை விளையாடியதாக எங்களுக்குத் தெரியாது. ஆகவே முழு நாடும் வந்திருந்தது என்றுதான் கணக்கு.

போட்டிக்கு முந்திய கிழமை ரொஸின் அணியில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அன்று அலுவலகத் தேநீர் அறையில் நான் சீனிப் பேணியைத் தட்டிக் கொட்டிவிட்டேன். கூட்டிக்கொண்டிருந்தபோது ரொஸ் வாசலில் நின்று பார்த்தார்.

"வீட்டிலும் கூட்டுவாயா?"

"கூட்டுவேன்."

"ஒவ்வொரு நாளுமா?"

உண்மையைச் சொன்னேன். ஊரில் தும்புத்தடியின் எந்தப் பக்கம் நிலத்தில் படும் என்று எனக்குத் தெரியாது. இங்கே என் மனைவி சரோஜா ஆஸ்பத்திரியில் தாதி. அவள் வேலைக்குப் போனால் வீடு என் பொறுப்பு. அவளுக்குப் பயந்தே நான் கட்டிலுக்குக் கீழே படுத்துக் கூட்டுகிறவன் ஆகியிருந்தேன். ரொஸ் தலையை ஆட்டினார். நான் நாட்டின் சாம்பியன் போட்டிக்குத் தெரிவாகிவிட்டேன்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. நான் மாமாவுக்கு எழுதினேன்.

மாமா, அதாவது சரோஜாவின் தகப்பனார், யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியின் விளையாட்டு ஆசிரியர். பெண் பார்க்கப் போன அன்று அவர் என்னிடம் கேட்டது ஒரேயொரு கேள்வி. "தம்பி என்ன விளையாடுவீர்?" நான் "கரம் போட்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு நேரே பேசியதில்லை. எதைச் சொல்வதென்றாலும் பக்கத்தில் நிற்கும் எனக்குச் சொல்லும்படி சரோஜாவிடம் சொல்வார். அப்படிப்பட்ட மனிதருக்கு, 'அவுஸ்திரேலியாவின் சாம்பியன் போட்டியில் சிட்னிக்காக விளையாடத் தெரிவாகியுள்ளேன்' என்று எழுதி அனுப்பினேன். மூன்று அணி என்று எழுதவில்லை. தும்புத்தடி என்று எழுதவே இல்லை.

தந்தி வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் பெயருக்கு. 'கப்புடன் படம் அனுப்பவும். கல்லூரியில் தொங்கவிட வேண்டும்.'

நான் அந்தத் தந்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். எனக்கு அந்தக் கப் வேண்டும். பனியும் வேண்டாம், கல்லும் வேண்டாம், கப்போடு ஒரு படம் வேண்டும்.

சரோஜாவுக்கும் வேண்டும். ஆகவே அவள் தேங்காய் தேடினாள். எங்கள் வீட்டில் தேங்காய் உடைக்காமல் எதுவும் தொடங்காது. பழைய கார் ஒன்று வாங்கியபோது வீட்டு வாசலில் உடைத்தோம். பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டார். அந்த நாளில் சிட்னியில் நினைத்தவுடன் தேங்காய் கிடைக்காது. எங்கெங்கோ அலைந்து ஒன்றே ஒன்று கொண்டுவந்தாள்.

போட்டி ஞாயிறு காலை. அவளுக்கு வேலை. தேங்காயையும் கமராவையும் பாலேந்திரனிடம் கொடுத்தாள். அவன் அப்போது எங்களோடுதான் இருந்தான். வந்து ஆறு மாதம், கணக்கியல் படித்துக்கொண்டிருந்தான். போட்டி நடக்கும் அதே பனி அரங்கில் சனி ஞாயிறுகளில் பனியில் சறுக்க வருகிறவர்களுக்குச் சப்பாத்து எடுத்துக் கொடுக்கும் வேலை. ரொஸ் சொல்லி வாங்கிக் கொடுத்தது. அந்த வேலை போனால் படிப்பும் போகும் என்ற நிலை.

"தம்பி, தொடங்க முன்னம் உடைச்சுப்போடு. மறந்திடாத."

"ஓமக்கா."

"வெளியில, கார் விடுற இடத்தில உடை."

"ஓமக்கா, எனக்குத் தெரியாதோ?"

இதை வாசகர்கள் தயவுசெய்து நினைவில் வைத்திருக்கவும். வெளியில என்றாள். நான் பக்கத்தில் நின்றேன்.

நான் இரண்டு சுவெற்றர் போட்டு, அதற்குள் சரோஜாவின் கம்பளிச் சால்வையை இடுப்பில் சுற்றி, தலையில் குரங்குத் தொப்பியோடு போய் இறங்கினேன். மெல்பேர்ண்காரர்கள் நாலு பேரும் ஒரே நிறச் சுவெற்றரில் நின்றார்கள். என்னைக் கண்டதும் அவர்களுக்கு நம்பிக்கை கூடியது தெரிந்தது.

முதல் ஆட்டத்தில் மற்றச் சிட்னி அணியை வென்றோம். அவர்களில் ஒருவருக்கு என்னைவிட நன்றாக விழத் தெரிந்திருந்தது. அடுத்தது மெல்பேர்ண். நான் விழுந்தேன், எழும்பினேன், கூட்டினேன். "கூட்டு, கூட்டு" என்று ரொஸ் பின்னாலிருந்து கத்துவார். சரோஜாவின் குரல் போலவே கேட்கும், கை தானாக வேலை செய்யும். ஒரே ஒரு சுற்று மிச்சம் இருக்கும்போது இரண்டு பக்கமும் சமம். அந்த நேரம் பார்த்துக் கன்ரீன் பெண்மணி தேநீர் ஆறுகிறது என்று கூப்பிட்டார். எல்லோரும் போனோம். (விதியில் இதற்கு இடமிருக்கிறதா தெரியாது. அவரோடு விவாதிக்க யாருக்கும் துணிவில்லை.)

தேநீர்க் கோப்பையோடு நிற்கும்போது பாலேந்திரன் பக்கத்தில் வந்தான். கையில் பை. முகத்தில் ஒரு திருப்தி.

"அத்தான், இனிப் பயமில்லை. உடைச்சிட்டன்."

"என்னத்தை?"

"தேங்காயை. காலமை மறந்துபோனன். அதுதான் நீங்கள் இப்பிடி விழுறியள்."

"இப்பவோ உடைச்சனீ? எங்க?"

"உள்ளுக்க."

"எந்த உள்ளுக்க?"

நாடியை நீட்டிப் பனித்தரையைக் காட்டினான். "வெளியில மழை அத்தான். தேர் ஓடுற இடத்திலதானே தேங்காய் உடைக்கிறது. அந்த மூலையில போட்டனான், நல்லாச் சிதறினது. பயப்பிடாதேங்கோ, எல்லாம் பொறுக்கிப்போட்டன்."

"டேய் விசரா, ஐஸும் வெள்ளை, தேங்காய்ச் சொட்டும் வெள்ளை. எல்லாம் பொறுக்கினதெண்டு எப்பிடியடா தெரியும்?"

கொஞ்சம் யோசித்தான். "அதைத்தான் நானும் யோசிச்சனான்" என்றான்.

ரொஸ் கூப்பிட்டுவிட்டார். சொல்லலாமா என்று பார்த்தேன். பிள்ளையாரிலிருந்து தொடங்க வேண்டும். என் ஆங்கிலம் பாலத்துக்கும் கால்வாய்க்கும் போதும், பிள்ளையாருக்குப் போதாது. தும்புத்தடியை எடுத்துக்கொண்டு போனேன்.

கடைசிக் கல். ரொஸ் அதை விட்ட அழகை இன்றும் சொல்வேன். மெல்பேர்ணின் கல் ஒன்று வட்டத்துக்குள் நின்றது. எங்கள் கல் அதைத் தாண்டி நடுவில் போய் நிற்பதற்கென்றே வந்தது. நான் குனிந்து கூட்டிக்கொண்டே ஓடினேன். கப் எனக்குத் தெரிந்தது. கல்லூரிச் சுவர் தெரிந்தது. பிறகு ஒரு தேங்காய்ச் சொட்டு தெரிந்தது.

கல்லுக்கு நாலடி முன்னால் அந்தத் துண்டு, மண்ணிறத் தோலோடு, மல்லாந்து கிடந்தது. கல் அதில் ஏறினால் எல்லாம் போச்சு. நான் பாய்ந்தேன். குசினியில் கூட்டுவது போல ஒரே வீச்சு. சொட்டு பறந்தது. என் காலும் பறந்தது. நான் பனியில் நீட்டி நிமிர்ந்து விழ, நாட்டின் சாம்பியன் கல் அமைதியாக வந்து என் விலாவில் இடித்து நின்றது.

ஓடும் கல்லில் சொந்த அணிக்காரன் பட்டால் அந்தக் கல் செல்லாது. அந்த விதியை எனக்கு அன்றுதான் சொன்னார்கள். மெல்பேர்ண் வென்றது.

அப்போது அரங்கின் முகாமையாளர் வந்தார். மீசைக்காரர், பெரிய உடம்பு. கையில் பாதித் தேங்காய். மூலைத் தடுப்புக்குக் கீழே உருண்டு கிடந்ததாம். "இது யாருடையது?" என்று கேட்டார்.

நான் படுத்தபடியே பாலேந்திரனைப் பார்த்தேன். இரண்டு கையிலும் சப்பாத்துகளோடு நின்றான். சனி ஞாயிறு போகிறது, படிப்புப் போகிறது, திரும்பப் போய் மாமாவின் முன்னால் நிற்கிறான், எல்லாம் அந்த முகத்தில் இருந்தது.

"என்னுடையது" என்றேன்.

"பனிக்குள் எப்படி வந்தது?"

"சுவெற்றருக்குள் வைத்திருந்தேன். கல் இடித்து உடைந்துவிட்டது."

வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் ஆங்கிலம் பேசியதில்லை. அவர் என் வயிற்றைப் பார்த்தார். இரண்டு சுவெற்றரும் ஒரு சால்வையும் எனக்காகச் சாட்சி சொல்லின. நம்பிவிட்டார். மற்றப் பாதி எங்கே என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ரொஸ் வந்து பக்கத்தில் குந்தினார். "ஏன் சுவெற்றருக்குள் தேங்காய்?"

"நல்லது நடக்கும் என்று. எங்கள் வழக்கம்."

அவர் கப்பைத் தூக்கும் மெல்பேர்ண்காரர்களைப் பார்த்தார். "என் அப்பா முயல் கால் ஒன்று வைத்திருப்பார்" என்றார். "அது சின்னது." பிறகு கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அதன் பிறகு எங்கள் அலுவலகத்துக்கு இலங்கையிலிருந்து யார் வேலை கேட்டு வந்தாலும் கை குலுக்கும் முன் வயிற்றைத்தான் பார்ப்பார்.

காரில் வரும்போது பாலேந்திரன் அழுதான். "அத்தான், இதைச் சாகுமட்டும் மறக்கமாட்டன்" என்றான். அன்று பின்னேரம் என் விலாவுக்கு எண்ணெய் பூசிவிட்டதும் அவன்தான். மெதுவாகத்தான் பூசினான். அதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் அடுத்த கிழமையே வீட்டுக்குக் கடிதம் எழுதினான். அத்தான் சுவெற்றருக்குள் தேங்காயை வைத்துக்கொண்டு விளையாடிக் கப்பைத் தோற்றுவிட்டார் என்று. நான் முகாமையாளருக்குச் சொன்ன பொய்யைத் தகப்பனுக்கு உண்மையாக எழுதிவிட்டான். மாமா சரோஜாவுக்குப் பதில் போட்டார். 'படம் வேண்டாம் என்று அவரிடம் சொல்லு.'

பிறகு எண்பதுகளில் மாமா இங்கே வந்தார். விமான நிலையத்தில் என்னை மேலும் கீழும் பார்த்து, "இப்பவும் கொண்டு திரியிறீரோ?" என்று கேட்டார். நேரே என்னிடம். சரோஜா வழியாக இல்லை. அதற்குப் பிறகு என்னோடு பேசத் தொடங்கினார். தேங்காயை வைத்துத்தான் பேசினார், ஆனாலும் பேசினார். பாலேந்திரன் பெட்டி வண்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். வாயைத் திறக்கவில்லை. மாமா உண்மை தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

அவன் படித்து முடித்தான். அதில் எனக்குச் சந்தோசம். கப் போனால் போகட்டும். ஆனால் இப்போது என் பேரப்பிள்ளைகள் வந்ததும் வயிற்றில் தட்டி, தண்ணி ஆடுதா என்று காது வைத்துக் கேட்கிறார்கள். சரோஜாவிடம் முறையிட்டால், "விடுங்கோப்பா, அவன் சின்னப் பொடியன்" என்கிறாள். சின்னப் பொடியனுக்கு எழுபது தாண்டிவிட்டது.

ஆகவே பாலா, இது உனக்கு. வருகிற பொங்கல் விழாவில், சாப்பாட்டுக்கு முன், எல்லோரும் கதிரையில் இருக்கும்போது மேடையில் ஏறு. ஒலிவாங்கியைப் பிடி. ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல். வீட்டில் அன்று இருந்தது ஒரேயொரு தேங்காய். அதில் பாதி முகாமையாளரின் கையில். அப்படியானால் அன்றிரவு உன் அக்கா இடியப்பத்துக்குச் சம்பல் இடித்தாளே, நீயும் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டாயே, அந்தத் தேங்காய் யாருடைய பையிலிருந்து வந்தது? சபைக்குச் சொல்.